கரிச்சான் கொண்டுவந்த சேதி

ஓர் ஆற்றங்கரைக் காட்டில் மருதி என்ற புள்ளிமானும் சாம்பன் என்ற கருமுகக் குரங்கும் வாழ்ந்தார்கள். சாம்பன் மரத்தில் தின்றதைவிடக் கீழே சிந்தியதுதான் அதிகம். அந்தத் தழையை மருதியின் கூட்டம் மேயும். மேலிருந்து சிறுத்தையைக் கண்டால் சாம்பன் தொண்டை கிழியக் கத்துவான். மான்கள் ஓடித் தப்பிக்கும். குரங்குகள் தண்ணீர் குடிக்க இறங்கும்போது மான்கள் மோப்பம் பிடித்துக் காவல் நிற்கும். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. அப்படியே நடந்து வந்தது.

ஆனாலும் காடு பெரிது. பலத்த காற்றடித்த ஒரு நாள் சாம்பனின் கத்தல் எட்டாமல் போய், மருதி தன் தலைச்சன் குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தாள். மறுபடி சினையானபோது அவளால் ஒரு வாய் புல்லைக்கூட நிம்மதியாக மெல்ல முடியவில்லை. இந்தக் குட்டியாவது பிழைக்க வேண்டுமே என்ற ஒரே நினைப்பு.

அப்போதுதான் கரிச்சான் வந்தான். இரட்டைவால் கறுப்புக் குருவி. சொந்தமாக ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. இரண்டு சிறகும் ஒரு நாக்கும்தான் அவன் சொத்து.

“எதுக்குக்கா எந்நேரமும் காதைத் தூக்கிட்டே நிக்கிறீங்க? சாம்பண்ணன் எதைப் பார்த்தாலும் நானே பறந்து வந்து உங்க காதுல சொல்லிடறேன். எந்த மரத்தடியில தழை விழுதுன்னும் சொல்றேன்.”

“உனக்கு என்ன தரணும்?”

“ஒண்ணும் வேண்டாம்க்கா. நீங்க நடக்கும்போது புல்லுல இருந்து எகிறுற வெட்டுக்கிளி போதும்.”

சாம்பனிடமும் போனான். இனித் தொண்டை வறளக் கத்த வேண்டாம், தன்னிடம் மெல்லச் சொன்னாலே போதும் என்றான். குரங்குகள் தண்ணீருக்கு இறங்கும் நேரத்தில் மான்களை அழைத்து வந்து காவல் நிறுத்துவதும் தன் பொறுப்பு என்றான்.

நன்றாகத்தான் நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பருவத்தில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. மான்கள் தலை நிமிராமல் மேய்ந்து கொழுத்தன. குரங்குகள் கத்துவதையே விட்டுவிட்டன. மருதியும் குட்டி ஈன்றாள்.

அந்தக் குட்டி பிறப்பதற்கு முன்பு ஒருநாள் சாம்பன் பழக்கதோஷத்தில் நேராகக் கத்திவிட்டான். கரிச்சான் சண்டை போடவில்லை. அந்த மரத்தடிக்கு மான்களை அனுப்பாமல் விட்டான், அவ்வளவுதான். காவல் இல்லாமல் குரங்குகள் இறங்க முடியாமல் நான்கு நாள் நாக்கு வறண்டு தவித்தன. ஐந்தாம் நாள் சாம்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

பிறகு கரிச்சான் ஒரு வரிசை வைத்தான். மேட்டுப் பக்கத்து உயரப் புல்லில் வெட்டுக்கிளி ஏராளம். அங்கே நடக்கும் மான்களுக்கு முதலில் சேதி, மற்றவர்களுக்கு அப்புறம். அந்தப் புல்லுக்குள் எது படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

“பச்சைக் குட்டியை வெச்சுக்கிட்டு அதுக்குள்ள எப்படிப்பா வருவேன்?” என்றாள் மருதி.

“நான் யாரையும் கட்டாயப்படுத்தலைக்கா. உங்க இஷ்டம்.”

அவள் சாம்பனிடம் ஓடினாள். பழையபடி தனக்காக ஒரு தடவை கத்தும்படி கெஞ்சினாள். சாம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“என் குடும்பத்துல முப்பது உசுரு தண்ணிக்கு இறங்கணும் மருதி” என்றான்.

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயில் நேரம். புதருக்குப் பின்னால் சிறுத்தை பதுங்கி வருவதைச் சாம்பன் பார்த்தான். முறைப்படி கரிச்சானிடம் மெல்லச் சொன்னான். கரிச்சான் முதலில் உயரப் புல்லுக்குப் பறந்தான். அங்கிருந்து அடுத்த கூட்டம், அதற்கடுத்த கூட்டம். கீழே சிறுத்தைக்கும் மருதியின் குட்டிக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை. சாம்பனுக்குப் பொறுக்கவில்லை. தாகத்தை மறந்து அலறிவிட்டான்.

மருதியின் உடம்பு அந்தக் குரலை மறக்கவில்லை. யோசிப்பதற்குள் கால்கள் பாய்ந்துவிட்டன. திரும்பிப் பார்த்தாள். குட்டி நின்ற இடத்திலேயே நின்றது. பிறந்ததிலிருந்து குரங்கு கத்தி அது கேட்டதே இல்லை. என்ன சத்தம் இது என்று மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சிறுத்தை கழுத்தைக் கவ்வியபோதும் அதன் கண் மேலேதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கரிச்சான் மருதியிடம் வந்தான். “அக்கா, சிறுத்தை வருது, ஜாக்கிரதை!” என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, சொன்ன நேரம்தான் பிந்திவிட்டது.

சொல்லிவிட்டு நேரே சிறுத்தை மிச்சம் வைத்த இடத்துக்குப் பறந்தான். அங்கே ஈக்கள் மொய்த்தன. ஒரு வாரம் புல்லில் அலைந்தாலும் கிடைக்காத தீனி. அவன் வயிறு முட்டத் தின்பதை மருதி தூரத்திலிருந்து பார்த்தாள். மான் நடந்தாலும் அவனுக்குத் தீனி, மான் விழுந்தாலும் அவனுக்குத் தீனி என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை சாம்பன் மரத்தில் நின்று, தண்ணீர்க் காவலுக்கு வரும்படி மான்களுக்கு நேராகவே குரல் கொடுத்தான். ஒரு மானும் தலை நிமிரவில்லை. கரிச்சான் வந்து, கிழக்குத் தோப்பில் தழை விழுவதாகச் சொன்னான். கூட்டம் அவன் பின்னால் கிளம்பியது. மருதி மட்டும் காதைத் தூக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். தனியாக நிற்கும் மான் எத்தனை நாள் தாங்கும்? அவளும் பின்னாலேயே நடந்தாள். அவள் காலடியில் எகிறிய வெட்டுக்கிளியைக் கரிச்சான் கொத்திக்கொண்டான்.

வாயையும் காதையும் நடுவில் நிற்பவனிடம் ஒப்படைத்தவர்களுக்கு, உண்மை தெரிந்த பிறகும் அவனை விட்டு விலக வழியில்லாமல் போகும்.