தொட்டுக்க மட்டும்

"சாமி, எனக்கு விடை கொடுங்கள்."

தையல்நாயகி வாசற்படியில் நின்றாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் கரண்டி. பையை அவள் எடுத்து வந்தாள். கரண்டி தானாக வந்துவிட்டது.

சாமி மப்ளரைக் காதிலிருந்து விலக்கினார். கோத்தகிரிக்கும் மேலே, மேகம் நடு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற உயரத்தில் இருந்தது அந்த மடம். அங்கே வருகிறவர்களுக்கு முதலில் மப்ளர் கொடுப்பார்கள். ஞானம் அப்புறம்.

"எங்கே போகிறீர்கள்?"

"தங்கச்சி வீட்டுக்கு. நாலு மணி பஸ்."

"ஏன்?"

"களைப்பு."

"தூங்கலாமே."

"தூங்கி எழுந்த பிறகு வருகிற களைப்பு, சாமி."

சாமி அவளைவிடப் பத்து வயது சின்னவர். கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஞானம் வேண்டும் என்று வந்தேன். அன்றைக்குப் பார்த்து இங்கே சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தார்."

"ஆமாம்."

"இந்த ஒரு வேளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்."

"சொன்னீர்கள்."

"அந்த ஒரு வேளை இன்னும் முடியவில்லை."

சாமி மப்ளர் நுனியைத் திருகினார்.

"சமையலைக்கூடத் தாங்கிக்கொள்வேன் சாமி. அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை."

"எந்தக் கேள்வி?"

மடத்தில் சாதகர்கள் ஏழு பேர். ஆத்மா எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்க மலை ஏறி வந்தவர்கள். அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டால் ஏழு பேருக்கும் ஒரே கேள்விதான்.

லாரிகளை மகனிடம் விட்டுவிட்டு வந்த செங்கோடன், திருச்செங்கோட்டுக் குரலில், தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்பார். "ஏனுங்கம்மா, தொட்டுக்க என்னங்க?"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருமைநாயகம் தொண்டையைச் செருமி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்பார். "அம்மையீர், இன்று தொட்டுக்கொள்ள யாது?"

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்த மரகதவல்லி கேட்பாள். "அம்மா, லைன்ல இருக்கீங்களா? தொட்டுக்க என்ன?"

மௌன விரதம் இருக்கும் பூவராகன் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். "தொ. என்ன?" பலப்பத்தில் சிக்கனம்.

மற்ற மூன்று பேர் கேட்பதில்லை. நேராக மூடியைத் திறந்து பார்த்துவிடுவார்கள்.

"ஆப்பம் சுட்டால் ஆப்பத்தை யாரும் பார்ப்பதில்லை சாமி. தொட்டுக்க என்ன? தோசை வார்த்தால், தொட்டுக்க என்ன? ஒன்பது வருஷத்தில் வேறு ஒரு கேள்வி என்னை யாரும் கேட்டதில்லை. நீங்களும்தான்."

"நானுமா?"

"நேற்று. சப்பாத்திக்கு."

சாமி யோசித்துப் பார்த்தார். கேட்டிருந்தார்.

"மணி என்ன?" என்றார்.

"ஒன்றரை."

"நாலு மணிவரை என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்ய? அடுப்பை அணைத்து, கழுவி, கோலமும் போட்டாயிற்று. இனிமேல் இந்தக் கையால் பற்றவைக்க மாட்டேன்."

"பற்றவைக்க வேண்டாம். அடுப்பில்லாமல் ஒன்று செய்துவிட்டுப் போங்கள்."

"என்ன செய்ய?"

"தொட்டுக்க."

"எதற்குத் தொட்டுக்க?"

"எதற்கும் இல்லை. தொட்டுக்க மட்டும்."

கேலி செய்கிறாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் பாதிக்குமேல் மப்ளருக்குள் போயிருந்தது. மப்ளர் ஏறிவிட்டால் அன்றைக்கு உபதேசம் முடிந்தது என்று மடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மப்ளருக்குள்ளிருந்து இன்னும் இரண்டு வார்த்தை வந்தது.

"ஒரே பாத்திரம். பரிமாறக் கூடாது."



தையல்நாயகி பையை அடுக்களை ஆணியில் மாட்டினாள்.

முதல்நாள் மீந்த தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீரெல்லாம் இறங்கி, உள்ளே தயிர் கெட்டியாக, பிடித்தால் பிடித்தபடி நின்றது. பக்கத்தில் ஒரு கோகோ டின். ஊட்டிக்கு வந்துவிட்டு அப்படியே இங்கும் எட்டிப் பார்த்த யாரோ ஒருவர் கொடுத்தது. கூடவே இரண்டு பெரிய சாக்லேட் கட்டி. மூன்று மாதமாக அப்படியே இருந்தன. அதற்குத் தொட்டுக்க என்ன என்று யாருக்கும் தெரியாததால் தப்பித்தன.

வெண்ணெய் குளிரில் கல்லாகக் கிடந்தது. அடுப்பைப் பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள். வெண்ணெயைக் காகிதத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். மடிச் சூட்டில் அது இளகக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த அடுக்களையில் அவள் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். கால் மரத்துப்போனதே ஒழிய களைப்புப் போகவில்லை.

பொடித்த சர்க்கரையும் வெண்ணெயும் வெளுக்கிறவரை குழைத்தாள். கோகோவைச் சலித்துப் போட்டாள். தயிரைச் சேர்த்து மத்தால் அடித்தாள். ஒரு சிட்டிகை உப்பு. சாக்லேட் கட்டியைக் கத்தியால் சுரண்டித் தூவினாள். எவர்சில்வர் பேசின் நிறைய, தார்போல் கறுத்து, பட்டுப்போல் மின்னிக்கொண்டு நின்றது.

சர்க்கரை போதுமா?

தெரியவில்லை. சமைக்கிறவள் வாயில் வைத்தால் அது எச்சில் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உப்பைக் கொதிக்கிற வாசனையில் கண்டுபிடிப்பாள். புளியையும் அப்படித்தான். இது கொதிக்கவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சாக்லேட் வாசனை மட்டும் வந்தது.

சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். மூடினாள்.

பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, அலமாரியிலிருந்து கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்து, கரண்டியால் அளந்து போட்டாள்.

மணி மூன்றரை. சாமி உள்ளே வந்தார். கிண்ணங்களைப் பார்த்தார்.

"எத்தனை?"

"எட்டு."

"நாம் எத்தனை பேர்?"

"ஏழு பேர், நீங்கள் ஒருவர். எட்டு."

சாமி கூடத்தை எட்டிப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். தன்னை எண்ணினார். அவளைப் பார்த்து இன்னொரு விரலை மடக்கினார். முதல் கிண்ணத்தை எடுத்துப் பேசினில் கவிழ்த்து, ஓரமெல்லாம் வழித்துவிட்டார்.

"எச்சிலாகிவிடும் சாமி! ஒரே பேசினில் எட்டுக் கை!"

இரண்டாவது கிண்ணத்தை வழித்தார்.

எட்டாவது கிண்ணம் முடிந்ததும் பேசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவில் வைத்தார்.

"தொட்டுக்க வந்துவிட்டது," என்றார். "மற்றதை அவரவர் கொண்டு வாருங்கள்."

சாதகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கட்ட என்னங்க சாமி இருக்குது? எல்லாத்தையும் விட்டுப்போட்டுல்ல வந்திருக்கறோம்," என்றார் செங்கோடன்.

"பற்றறுத்தோர் யாம்," என்றார் அருமைநாயகம்.

"எனக்கு இன்னிக்கு உபவாசம்," என்றாள் மரகதவல்லி.

சாமி மப்ளரை ஏற்றினார்.

செங்கோடன் கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு பை வர்க்கியை எடுத்தார். ஊட்டிக் கடையில் அன்றாடம் போடுகிற, தொட்டால் உதிர்கிற, பிஸ்கட் மாதிரியான வர்க்கி. தலைமையாசிரியரின் தலையணை உறைக்குள்ளிருந்து கடலைமிட்டாய் வந்தது. உபவாசக்காரி போய் முறுக்கு டின்னோடு வந்தாள். பூவராகன் சிலேட்டில் "இல்லை" என்று எழுதினார். பிறகு அதை அழித்துவிட்டு, நேந்திரங்காய் வறுவலை எடுத்து வந்தார். மற்ற மூன்று பேரிடமும் வாழைப்பழம் இருந்தது. மூன்று பேரும் ஒரே சீப்பிலிருந்து திருடியிருந்தார்கள்.

தையல்நாயகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்து நிலைப்படியில் நின்று பார்த்தாள். கையில் கரண்டி.

செங்கோடன் வர்க்கியைத் தொட்டார். பாதியைக் கடித்தார். கண் மூடினார். மீதிப் பாதியைப் பேசினுக்குக் கொண்டுபோனார்.

"நிறுத்தும்!" என்றார் தலைமையாசிரியர். "கடித்ததை மறுபடி தொடலாகாது. எச்சில்!"

"அப்ப ஒரே தடவைல முழுசையும் வாய்ல போடோணுங்களா?"

"ஆம். அதுவே முறை."

செங்கோடன் முழு வர்க்கியை முக்கி முழுசாக வாயில் திணித்தார். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, மூக்கு வழியாக வர்க்கித் தூள் பறந்தது. மரகதவல்லி அவர் முதுகில் நாலு போட்டாள். "ஐயா, லைன்ல இருக்கீங்களா? ஐயா!"

தலைமையாசிரியர் கடலைமிட்டாயை முறைப்படி ஒரே தடவை தொட்டார். கடித்தார். மீதி கையில் இருந்தது. அதைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார். இலக்கணம் அங்கே நின்றுபோயிற்று.

யாரும் அசையவில்லை.

சாமி மப்ளரை இறக்கினார். ஒரு முறுக்கை எடுத்துத் தொட்டார். கடித்தார். கடித்த முறுக்கை அதே இடத்தில் மறுபடி தொட்டார். மறுபடி கடித்தார். பேசினைத் தலைமையாசிரியர் பக்கம் நகர்த்தினார்.

தலைமையாசிரியர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மீதிக் கடலைமிட்டாயைத் தொட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை.

பேசின் பாதியானபோது செங்கோடன் நிமிர்ந்தார். "நல்லாத்தான் இருக்குது. சக்கரைதான் பத்துலீங்க."

"சர்க்கரை மிகை," என்றார் அருமைநாயகம்.

"உங்க மிட்டாய்ல இருக்கற சக்கரைங்க அது."

"எனக்குச் சரியாத்தான் இருக்கு," என்றாள் மரகதவல்லி.

"முறுக்கத் தொட்டுத் திங்கறவங்களுக்கு என்னங்க தெரியும்? செஞ்சவங்களையே கேளுங்க." செங்கோடன் நிலைப்படியைப் பார்த்துத் திரும்பினார். "ஏனுங்கம்மா, சக்கரை பத்துங்களா, பத்தாதுங்களா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் தையல்நாயகி.

"நீங்கதான செஞ்சீங்க?"

"நான் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை."

"இதைங்களா?"

"எதையும்."

"சாம்பாரு?"

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள்.

"ஒம்பது வருசமாவுங்களா?"

"நான் சாப்பிட உட்காரும்போது பாத்திரம் காலியாகியிருக்கும்," என்றாள். செங்கோடன் மெல்லுவதை நிறுத்தினார். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். பூவராகன் சிலேட்டை எடுத்தார். ஒன்றும் எழுதாமல் கீழே வைத்தார்.

கீழே எங்கோ வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு வளைவு ஏறினால் மடத்து நிறுத்தம்.

"தையலம்மா," என்றார் சாமி.

"சாமி."

"தொட்டுக்கொள்ள உங்களிடம் என்ன இருக்கிறது?"

அவள் தன்னைப் பார்த்துக்கொண்டாள். தோளில் பை. பையில் இரண்டு சேலை, ஒரு போர்வை.

"ஒன்றும் இல்லை சாமி. கரண்டிதான்."

"அதைக் கீழே வையுங்கள்."

கரண்டி தரையில் பட்டு ஒரு சத்தம் எழுந்தது. ஒன்பது வருஷமாகப் பிடித்திருந்த விரல்கள் அதை விட்ட பிறகும் வளைந்தே இருந்தன.

செங்கோடன் இந்தப் பக்கம் நகர்ந்தார். தலைமையாசிரியர் அந்தப் பக்கம் நகர்ந்தார். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.

தையல்நாயகி உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சடசடத்தன. பை தோளிலேயே இருந்தது.

ஆள்காட்டி விரலை நீட்டினாள். கொஞ்சம் தயங்கி, பேசினில் தொட்டாள். வாயில் வைத்தாள்.

பஸ் மடத்து வாசலில் வந்து நின்றது. இன்னொரு தரம் ஹாரன் அடித்தது. யாரும் அவளைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எட்டுப் பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்தாது," என்றாள் தையல்நாயகி.

அதே விரலை மறுபடி பேசினில் விட்டாள்.

பஸ் உறுமிக்கொண்டு மேகத்துக்குள் போயிற்று. சத்தம் தேய்கிறவரை அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் பையைத் தோளிலிருந்து இறக்கி, முதுகுக்கு அண்டக் கொடுத்துச் சாய்ந்துகொண்டாள். காலை நீட்டினாள்.

"சரி," என்றாள். "சாயங்காலம் சப்பாத்தி. தொட்டுக்க என்ன?"

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையில் கிடந்த கரண்டியைப் பார்த்தார்கள்.