கம்பும் இலையும் கற்ற கீரி

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. இருந்தது என்றா சொன்னேன்? ஓரிடத்தில் இருந்தால்தானே, குழந்தைகளே! விடிந்தால் ஆற்று மணலில் நிற்கும். உச்சி வெயிலில் மருத மரத்தடிக்கு ஓடும். நடுவில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதன் வால் மட்டும் உட்காராது.

காலையில் அது மந்தி ஆசானிடம் சிலம்பம் கற்றது. பிற்பகலில் கரடி வைத்தியரின் மூலிகைக் கல்லூரியில் படித்தது. இரண்டுமே அதற்கு உயிர். எதையும் விட மனமில்லை.

ஆனால் நேரம் போதவில்லையே என்று ஓயாத கவலை. ஆகவே ஒரு யோசனை செய்தது. சிலம்பம் சுற்றும்போது மூலிகைப் பெயர்களை முணுமுணுத்தது. மூலிகைப் பாடம் நடக்கும்போது உட்கார்ந்தபடியே காலடி வரிசை பழகியது.

"ஒரே நேரத்தில் இரண்டு வேலை! இந்தக் காட்டில் வேறு யாரால் முடியும்?" என்று முயலிடம் பெருமையடித்துக்கொண்டது.

"அது சரி, நெற்றியில் என்ன புடைப்பு?" என்றது முயல்.

தூதுவளையின் பயனை முணுமுணுத்தபோது மந்தி ஆசானின் கம்பு வைத்த புடைப்பு அது. கீரி வாலால் நெற்றியை மறைத்துக்கொண்டது.

கல்லூரித் தேர்வுக்கு முதல் நாள் கவுதாரி அவசரமாக வந்தது.

"கீரித் தம்பி, இரை தேடப் போகிறேன். நரி இந்தப் பக்கம் சுற்றுகிறது. என் குஞ்சுகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாயா? உன்னை நம்பித்தான் போகிறேன்."

"கவலையே வேண்டாம் அக்கா! நரி வரட்டும், முதுகைப் பழுக்க வைத்துவிடுகிறேன்."

கவுதாரி போனதும் நரி வந்தது. கீரி கம்பைச் சுழற்றியது. கம்பு விர்ரென்று சுழன்ற வேகத்தில் நரிக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் கீரியின் உதடுகள் அசைவதை அது கவனித்துவிட்டது. அந்தத் திருட்டுப் பயலுக்கு அது போதாதா?

"அட, தம்பி படிக்கிறாயா? நாளைக்குத் தேர்வாமே! எனக்கொரு சந்தேகம். பல்வலிக்கு எந்தப் பட்டையைக் காய்ச்சிக் கொப்பளிக்க வேண்டும்?"

"பல்வலிக்கா?" கீரியின் கண்கள் வானத்தைப் பார்த்தன. "வேலம்பட்டை... இல்லை, ஆலம்பட்டையா? நேற்றுத்தானே படித்தேன்!"

கம்பு நின்றது. நரி பாய்ந்தது. கடைக்குட்டிக் குஞ்சைக் கவ்விக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

குஞ்சின் அலறல் கேட்டு மந்தி ஆசான் மரத்திலிருந்து நரியின் மேலேயே குதித்தார். நரி குஞ்சைப் போட்டுவிட்டுத் தப்பியது. பாவம், அந்தப் பிஞ்சு இறக்கை கிழிந்து இரத்தம் கொட்டியது.

கரடி வைத்தியர் மூச்சிரைக்க வந்தார். "கீரி, வெட்டுக்காயப் பூண்டு பறித்து வா! சீக்கிரம்!"

கீரி ஓடியது. கால்கள் செடியைத் தேடின, மனம் நரியைத் துரத்தியது. 'இடது காலை முன்னே வைத்திருக்க வேண்டும். கீழிருந்து மேலே ஒரு வீச்சு வீசியிருந்தால்...' என்று நினைத்துக்கொண்டே கைக்கு அகப்பட்டதைப் பறித்தது. கை அரித்தது. அதைக்கூடக் கவனிக்காமல் இலையைக் கசக்கிக் காயத்தில் வைத்தது.

குஞ்சு துடிதுடித்துக் கத்தியது. கீரி பறித்து வந்தது காஞ்சொறி! பட்ட இடமெல்லாம் அரித்துத் தடிக்கும் செடி.

வைத்தியர் கீரியைத் தள்ளிவிட்டு, தானே ஓடிப்போய்ச் சரியான இலையைக் கொண்டுவந்து கட்டினார். இரத்தம் நின்றது. குஞ்சு பிழைத்தது.

திரும்பி வந்த கவுதாரி கத்தவில்லை. குஞ்சை அணைத்துக்கொண்டு கீரியைப் பார்த்தது.

"கம்பு பிடித்தபோது இலையை நினைத்தாய். இலை பறித்தபோது கம்பை நினைத்தாய். என் குஞ்சை எப்போது நினைத்தாய் தம்பி?"

கீரிக்கு அழுகை வந்துவிட்டது. "இனிக் கம்பைத் தொடமாட்டேன்" என்றது. கொஞ்சம் பொறுத்து, "இல்லையில்லை, கல்லூரியை விட்டுவிடுகிறேன்" என்றது.

சத்தம் கேட்டு வந்திருந்த முயலுக்குச் சலிப்பு வந்தது. "எதையாவது ஒன்றை ஒழுங்காகச் செய்யேன்! அழுவதையாவது செய்!"

கீரி அழுது தீர்த்தது. வேறு எதையும் நினைக்காமல் அது ஒரு காரியம் செய்தது அன்றுதான்.

மறுநாள் தேர்வில் கால்கள் துறுதுறுத்தன. கீரி காலின் மேலேயே உட்கார்ந்து எழுதியது. தட்டுத்தடுமாறித் தேறியும் விட்டது. மணலில் கம்பு சுற்றும்போது மூலிகைப் பெயர் வாய்க்கு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டது. கவுதாரி அதைக் காவலுக்குக் கூப்பிடவில்லை. ஆனாலும் கீரி பயிற்சி முடிந்ததும் கம்போடு கூட்டின் பக்கம் போய் நின்றது.

ஒரு நாள் காலையில் நரி மறுபடி வந்தது.

"தம்பி, காய்ச்சலுக்கு எந்தக் கஷாயம்..."

கேள்வி முடியவில்லை. முழங்காலில் ஓர் அடி, முதுகில் ஓர் அடி. நரி ஊளையிட்டுக்கொண்டு நொண்டி ஓடியது.

வீக்கம் தாங்காமல் அன்று பிற்பகலே வைத்தியரின் மருத மரத்தடிக்கு வந்தும் சேர்ந்தது. வைத்தியர் கீரியைக் கைகாட்டினார். நரிக்கு வியர்த்தது.

கீரி நொச்சி இலையை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துப் பறித்தது. வதக்கி, சூடு பார்த்து, முழங்காலில் வைத்துக் கட்டியது.

"காலையில் அடித்த கை. மறுபடி அடித்துவிட மாட்டாயே தம்பி?" என்று நரி நடுங்கியது.

"ஆடாதீர்கள் மாமா, கட்டு நழுவுகிறது" என்றது கீரி, தலை நிமிராமல்.

புதருக்குள்ளிருந்து கவுதாரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் இரை தேடப் புறப்பட்டபோது, குஞ்சுகளைக் கீரியிடம் விட்டுவிட்டுப் போனது.

நீதி: கை இருக்கும் இடத்தில் மனமும் இருந்தால், இரண்டு வித்தையும் கைகூடும்.