யாரும் சிரிக்காத காட்சி

பேசும் படம் வந்த புதிது. மைக் ஓடும்போது யார் சத்தம் போட்டாலும் வேலை போய்விடும் என்பது ஸ்டுடியோ முதலாளி ஏகாம்பரத்தின் சட்டம்.

நாடகமேடையில் ஊரையே சிரிக்கவைத்த ஒரு குடும்பம் அன்று அவர் முன்னால் நடித்தது. காட்சி முடிந்ததும், மைக்கை நிறுத்தச் சொல்லாமலே முதலாளி சீறினார்.

"ஒருத்தன்கூடச் சிரிக்கலையே. சாயங்கால ரயிலைப் பிடிங்க."

குடும்பத்துப் பெரியவர் மூட்டை கட்டப் போனார். அவருடைய இளைய மருமகள் செங்கமலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மைக்கை நிறுத்தச் சொல்லுங்க, முதலாளி."

நிறுத்தினார்கள். விளக்குக்காரர்கள் வாயில் அடைத்திருந்த துண்டுகளை உருவினார்கள். சிரிப்பில் கொட்டகையே குலுங்கியது.

"இவனுங்க எதுக்கும் சிரிப்பானுங்க. நான் சிரிச்சேனா?"

"இல்லைங்க," என்றாள் செங்கமலம். "ஆனா உங்க அங்கவஸ்திர நுனி எப்படி இவ்வளவு நனைஞ்சுது?"

முதலாளி நுனியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க."