நேரில் வர வேண்டியதில்லை

சட்டிக்கல்பாளையத்து நாச்சிமுத்துவும் அவருடைய மச்சினர்கள் பொங்கியண்ணன், சென்னிமலை இருவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதனால்தான் அவர்கள் மேல் வழக்கு வந்தது.

சந்தைக்குப் போன இடத்தில் ‘இங்கே வண்டிகள் நிற்கக் கூடாது’ என்று பலகை இருந்தது. மூவரும் யோசித்து, மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியை மூக்கு தரையில் படும்படி சாய்த்து வைத்தார்கள். போலீஸ்காரர் வந்தார். வண்டி நிற்கவில்லை, படுத்திருக்கிறது என்று நாச்சிமுத்து பொறுமையாக விளக்கினார். போலீஸ்காரர் அதைவிடப் பொறுமையாக மூவர் பெயரையும் எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. பதினெட்டாம் தேதி கோர்ட்டுக்கு வர வேண்டும். அன்றைக்குத்தான் சென்னிமலைக்குக் கல்யாணம். முப்பத்தாறு வயதில் அமைந்த பெண்.

நல்லவேளையாகப் பொங்கியண்ணன் கடைசி வரி வரைக்கும் படித்தார். குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் நேரில் வர வேண்டியதில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, அபராதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும் என்றிருந்தது.

அப்போது மூவரும் வைக்கோல் போர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். உடனே கீழே இறங்கினார்கள். இவ்வளவு கீழே போதுமா என்று நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம். கோர்ட்டு விஷயத்தில் குறை வைக்கக் கூடாதென்று, தண்ணீரில்லாத கிணற்றுக்குள் இறங்கி, அடிப்படியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பதினெட்டாம் தேதி தனக்குக் கல்யாணம் என்று சென்னிமலை ஓரத்தில் ஒரு வரி சேர்த்தான். தபாலும் போய்ச் சேர்ந்தது.

பதினாறாம் தேதி பொங்கியண்ணனுக்குத் தூக்கம் கெட்டது.

“நாம வரமாட்டோம்னு ஜட்ஜுக்கு எப்படி மாமா தெரியும்? பாவம், வாசலையே பார்த்துட்டு இருப்பாரே.”

“யாராச்சும் போய்ச் சொல்லோணும்,” என்றார் நாச்சிமுத்து.

“யாரு?”

“கையெழுத்துப் போட்டது மூணு பேரு. ஒருத்தன் மட்டும் போனா, மத்த ரெண்டு பேரும் வந்துருவாங்கன்னு நினைச்சுக்குவாரு.”

சென்னிமலை அழுதேவிட்டான். நாச்சிமுத்து அவனைத் தனியாகக் கூட்டிப்போய் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

பதினெட்டாம் தேதி கோர்ட்டு திறந்ததும் மூவரும் கைகட்டி நின்றார்கள். ஜட்ஜ் காகிதக் கட்டைப் புரட்டினார். வழக்கு போன வாரமே முடிந்துவிட்டதே, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

“நாங்க வரமாட்டோமுங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்,” என்றார் நாச்சிமுத்து.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓரத்து வரி கண்ணில் பட்டதும் பதறிவிட்டார். “யாருப்பா சென்னிமலை? இன்னிக்கு உனக்குக் கல்யாணம்னு எழுதியிருக்கே. முகூர்த்தம் எத்தனை மணிக்கு?”

“ஒம்போதரைக்கே முடிஞ்சிருக்கும் சாமி,” என்றான் சென்னிமலை வெட்கத்தோடு. “நான் நேர்ல போக வேண்டியதில்லீங்க. சம்மதம்னு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தாலியை நேத்தே பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன். பொண்ணு கையெழுத்தோட ஒப்புகை அட்டை வர்றதுதானுங்க பாக்கி.”