நரி அளவுச் சட்டை

புங்கங்காட்டில் விலங்குகள் எல்லாம் நரியின் அளவில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது.

சிரிக்காதீர்கள். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தண்ணீர் கிடைக்காது.

அந்தக் கோடையில் காடு முழுவதற்கும் தண்ணீர் இருந்தது ஒரே ஒரு குளத்தில்தான். யானைகள் மலை ஏறிப் போய்விட்டன. அவை இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை, ஒரு தும்பிக்கை போதும். சிங்கராஜாவுக்கோ வயதாகிவிட்டது. குகையை விட்டு வெளியே வருவதில்லை. குளத்தைப் பார்த்துக்கொள்ள நரியை மணியமாக வைத்தார். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த மாதிரிதான்.

நரி குளத்தைப் பார்த்தான். குடிக்க வரும் வாய்களையும் பார்த்தான். இத்தனை பேர் குடித்தால் தனக்கும் தன் மச்சான்மாருக்கும் சேறுதான் மிஞ்சும். துரத்தினால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஒழுங்கு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள் அல்லவா?

அந்த நேரம் பார்த்துக் காட்டுப் பாதையில் ஒரு ஜவுளி வியாபாரியின் வண்டி அச்சு முறிந்து, துணிப் பொதி ஒன்று பள்ளத்தில் உருண்டு கிடந்தது. வெள்ளையில் நீலக் கோடு போட்ட நல்ல துணி. நரி தையல்சிட்டைக் கூப்பிட்டு, காட்டில் உள்ள எல்லோருக்கும் சட்டை தைக்கச் சொன்னான். ஆளாளுக்கு அளவு எடுக்க வேண்டாமா என்று சிட்டு கேட்டது.

"எதுக்கு? என் அளவு போதும். நல்ல உடம்புன்னா இப்படித்தான் இருக்கும்" என்றான் நரி.

சட்டை இல்லாமல் வந்தால் தண்ணீர் இல்லை. கிழிந்த சட்டையோடு வந்தாலும் இல்லை. இதுதான் சட்டம்.

கரடிக்கு அந்தச் சட்டையில் ஒரு கைதான் நுழைந்தது. மற்றக் கையை உள்ளே மடக்கி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து குடித்தது. முயல் சட்டையின் விளிம்பை மிதித்து மிதித்து மூக்கு உடைய விழுந்தது. ஆனால் ஒருவராவது சட்டை சரியில்லை என்று சொல்ல வேண்டுமே! "நான் கொஞ்சம் இளைக்கணும்" என்றது கரடி. முயல் தன் காலை நீட்டி நீட்டிப் பார்த்து, வளர மாட்டேன் என்கிறதே என்று வருத்தப்பட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல், ஆடுகிறவர்கள் தங்கள் காலை நொந்துகொண்டார்கள்.

வேலாயி என்ற முள்ளம்பன்றிக்கு வந்த சங்கடம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. சட்டையைத் தலை வழியே மாட்டினாள், பர்ரென்று முதுகுப் பக்கம் கிழிந்தது. அவள் கணவன் சடையனுக்கும் அப்படியே. இருவரும் கிழிந்த சட்டையோடு குளக்கரையில் போய் நின்றார்கள்.

நரி பாறை மேல் உட்கார்ந்து அவர்களை மேலும் கீழும் பார்த்தான். பார்த்துவிட்டு, வெகு இரக்கமாகச் சொன்னான்.

"சட்டை மேல குத்தமில்லம்மா. உங்க முதுகு மேலதான் குத்தம். முள்ளைப் பிடுங்கிட்டு வாங்க. வேற சட்டை தர்றேன்."

வேலாயி திரும்பி நடந்தாள். வளைக்கு வந்ததும் வெடித்தாள். செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா, இது எந்த ஊர் நியாயம் என்று கத்தினாள். சடையன் சாது. ஊரோடு ஒத்துப் போக வேண்டும், நாலு பேர் போகிற வழியில் நாமும் போக வேண்டும் என்றெல்லாம் சமாதானம் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. கிழங்கைத் தோண்டித் தின்று, அதில் இருக்கும் ஈரத்தில் உயிர் பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள்.

சடையனால் தாகம் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவளிடம் சொல்லாமல் குளத்துக்குப் போனான். முதுகு முள்ளை எல்லாம் பிடுங்கிக்கொண்டான். புதுச் சட்டை போட்டான். வயிறு முட்டக் குடித்தான். திரும்பி வரும் வழியில் செந்நாய்கள் மறித்துக்கொண்டன. மற்ற நாளாக இருந்தால் முள்ளைப் பார்த்ததுமே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருக்கும். அன்று ஓடவில்லை.

எப்படியோ தவழ்ந்து வளைக்குள் வந்து விழுந்தான். முதுகெல்லாம் கடி. அன்றே காய்ச்சல் கண்டது. காய்ச்சலில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர்.

வேலாயி முயலிடம் போய்க் கெஞ்சினாள். முயலுக்கு மனசு இருந்தது, ஆனால் குடிக்கலாமே தவிரக் கொண்டுபோகக் கூடாது என்று நரி புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தான். இரவிலோ அவன் மச்சான்மார் காவல். கிழங்கைக் கடித்துச் சாற்றைச் சடையன் வாயில் பிழிந்தாள். அது நாக்கு நனையத்தான் போதுமாக இருந்தது. இப்படியே விட்டால் அவன் பிழைக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கிழிந்த தன் சட்டையையும் ரத்தம் தோய்ந்த அவன் சட்டையையும் எடுத்து முன்னால் விரித்துப் போட்டாள்.

"என்ன பண்ணப் போற?" என்றான் சடையன்.

"சட்டை தைக்கப் போறேன். எனக்கு."

சட்டையே இல்லாமல் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு போனால் என்ன என்று அவன் கேட்டான். அவள் அதையும் யோசித்திருந்தாள். அப்படிப் போனால் சட்டத்தை மீறினாள் என்று காடே நரியின் பக்கம் சேர்ந்துகொள்ளும். சட்டை போட்டுக்கொண்டு போனால் யார் என்ன சொல்ல முடியும்? அதோடு, துணி மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த நீலக் கோடு அவளுக்குப் பிடித்தே இருந்தது.

முதலில் பழைய தையலைப் பிரித்தாள். அவசரமாக அறுக்காமல், நூலைப் பத்திரமாக உருவி ஒரு குச்சியில் சுற்றி வைத்துக்கொண்டாள். தானாக உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து, அடியில் துளை போட்டாள். ஊசி தயார். பல்தான் கத்தரி. முதுகுத் துணியில் முள் வெளியே வர வரிசையாகத் துளை விட்டு, துளையின் ஓரம் பிரியாமல் சுற்றிலும் தைத்தாள். மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆகா என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது நரியின் ஞாபகம் வந்தது. முள் சிலிர்த்தது. சட்டை மறுபடியும் பர்ர்!

வேலாயி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்குப் புத்தியில் பட்டது. முள் படிந்திருக்கும்போது ஒரு உடம்பு, சிலிர்க்கும்போது வேறு உடம்பு. ஊரில் எல்லோருக்கும் நல்ல மனநிலையில் அளவு எடுக்கலாம். முள்ளம்பன்றிக்குக் கோபத்தில்தான் அளவு எடுக்க வேண்டும்.

"ஏங்க, எனக்குக் கோபம் வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க. முள் நிக்கிற இடத்துல எல்லாம் துணியில கரித்துண்டால புள்ளி வைங்க" என்றாள்.

சடையன் பாவம், படுத்த படுக்கையில் யோசித்தான். நீ தோண்டுகிற கிழங்கு எப்போதும் கசக்கிறது என்றான். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. உன் அக்காள் உன்னைவிட அழகு என்றான். அது ஊருக்கே தெரிந்த விஷயம். இரண்டு முள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். கடைசியில் அவன் முகத்தை மண் பக்கம் திருப்பிக்கொண்டு, தான் யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னான்.

"நான் பிடுங்கிப் போட்ட முள்ளுல ஒண்ணை எடுத்து நரி பல்லு குத்திக்கிட்டான், வேலாயி. அவன் மச்சான்மார் எல்லாம் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

வேலாயியின் உடம்பில் இருந்த அத்தனை முள்ளும் நட்டுக்கொண்டு நின்றது. பிறந்த நாளிலிருந்து அப்படி நின்றதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். சடையன் கரித்துண்டை எடுத்துப் புள்ளி வைத்தான்.

அந்தப் புள்ளிகளில் வெட்டினாள். போதாத இடத்துக்குச் சடையனின் சட்டையிலிருந்து துணி எடுத்து ஒட்டுப் போட்டாள். சட்டையின் கைகள் நீளம், இடித்தன. இரண்டையும் கத்தரித்து, மடித்து மடித்துத் தைத்துத் தண்ணீரை உறிஞ்சும் தடித்த பொதியாக ஆக்கிக்கொண்டாள். கழுத்தைச் சுற்றிக் உதிர்ந்து கிடந்த கறுப்பும் வெள்ளையுமான சின்ன முட்களை வரிசையாக வைத்துத் தைத்தாள். அது எதற்கு என்று சடையன் கேட்டான். எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்குத்தான் என்றாள்.

ரத்தக்கறை பட்ட துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. உள்பக்கம் வைத்து மறைத்துவிடு என்றான் அவன். வேலாயி அதை நெஞ்சுக்கு நேரே, வெளியே தெரிகிற மாதிரி வைத்துத் தைத்தாள்.

மறுநாள் காலை குளக்கரை நிறையக் கூட்டம். கரடி மூச்சைப் பிடித்துக்கொண்டு முறைக்கு நின்றது. முயல் அப்போதுதான் ஒரு முறை விழுந்து எழுந்திருந்தது. பாறை மேல் நரி. பக்கத்தில் காவலுக்கு இரண்டு காட்டுப்பன்றிகள். வேலாயி நடந்து வருவதைப் பார்த்ததும் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இது என்ன கோலம்? ஓட்டைச் சாக்கை மாட்டிக்கிட்டு வந்திருக்கே" என்றான் நரி.

"சட்டைதான். நீங்க கொடுத்த துணி, நீங்க கொடுத்த நூல். ஒரு இடத்துலயும் கிழிசல் இல்ல, வந்து பாத்துக்குங்க."

"முள்ளு வெளியே தெரியுது. பாக்க அசிங்கமா இருக்கு."

"முள்ளம்பன்றிக்கு முள்ளு தெரியாம வேற என்ன தெரியும்? இது என் உடம்பு, மணியம். இதுக்குத் தைச்ச சட்டை இது. வழிய விடுங்க, என் வீட்டுக்காரர் தண்ணியில்லாமச் செத்துக்கிட்டிருக்கார்."

நரிக்கு உள்ளே உதறல்தான். ஆனால் கூட்டம் பார்க்கிறதே! காது மடலில் செருகியிருந்த முள் ஒன்றைச் சாவகாசமாக எடுத்துப் பல்லைக் குத்திக்கொண்டே, "பிடிச்சு வெளியே தள்ளுங்கடா" என்றான்.

அது சடையனின் முள்.

வேலாயியின் முட்கள் சடசடவென்று எழுந்து நின்றன. ஒவ்வொரு முள்ளும் தனக்கென்று விட்ட துளை வழியே வந்து நின்றது. ஒரு தையல் விடவில்லை. ஒரு நூல் தெறிக்கவில்லை. நீலக் கோட்டுத் துணி அவள் மேல் இறுகப் பொருந்தி நின்றது. கூட்டத்தில் யாரோ, "அம்மாடி, எவ்வளவு அழகா இருக்கா" என்றார்கள். அது கரடிதான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

காட்டுப்பன்றிகள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று தயங்கித் தயங்கிக் கேட்டது: "பிடிக்கச் சொல்றீங்க மணியம். எங்க பிடிக்கிறது?"

வேலாயி திரும்பி நின்றாள். முள்ளம்பன்றி முதுகைக் காட்டினால் ஓடப் போகிறது என்று நினைக்கக் கூடாது, வரப் போகிறது என்று அர்த்தம். பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக வைத்துப் பாறையை நோக்கி வந்தாள். நரி நகர்ந்தான். இன்னும் வந்தாள். இன்னும் நகர்ந்தான். பாறை முடிந்துவிட்டது. அளவெடுத்துத் தைத்த அழகான சட்டையோடு சேற்றில் தொப்பென்று விழுந்தான்.

முதலில் சிரித்தது முயல். அப்புறம் காடே சிரித்தது. கரடி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டுச் சிரித்ததில் அதன் சட்டை இரண்டாகப் பிளந்தது. அது அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, மடக்கி வைத்திருந்த கையை எத்தனையோ நாளுக்குப் பிறகு வெளியே நீட்டிச் சோம்பல் முறித்தது. முயல் உட்கார்ந்து சட்டையின் நீளத்தைக் கடித்துக் கடித்துக் குறைக்க ஆரம்பித்தது. தையல்சிட்டு கிளையிலிருந்து இறங்கி வந்து, இனி ஆளாளுக்கு அளவு எடுக்கிறேன், வேண்டியவர்கள் வாருங்கள் என்றது. நாங்களே தைத்துக்கொள்கிறோம், முடிச்சு எப்படிப் போடுவது என்று மட்டும் காட்டு என்றார்கள்.

சேற்றிலிருந்து எழுந்த நரி, சட்டம் சட்டம் என்று இரண்டு முறை கத்திப் பார்த்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலாயி இதை எல்லாம் பார்க்க நிற்கவில்லை. வயிறாரக் குடித்தாள். சட்டைக் கையால் செய்த பொதியைத் தண்ணீரில் முக்கி, ஊறவிட்டு, வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். வழியில் செந்நாய்கள் அவளைப் பார்த்தன. பார்த்ததோடு சரி.

வளைக்குள் சடையன் கண் திறக்காமல் கிடந்தான். பொதியை அவன் வாய்க்கு நேரே பிடித்துப் பிழிந்தாள். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போயிற்று. பிறகு அவனே துணியைப் பிடித்துச் சப்பிக் குடித்தான். வேலாயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

குடித்து முடித்துச் சடையன் அவளுடைய சட்டையைத் தொட்டுப் பார்த்தான். தனக்கும் இந்த மாதிரி ஒன்று தைத்துத் தருவாளா என்று கூச்சத்தோடு கேட்டான்.

"முதல்ல முள்ளு முளைக்கட்டும்" என்றாள் வேலாயி. "அப்புறம் அளவு எடுக்கிறேன்."

உடம்புக்குத் தக்கபடி சட்டையை வெட்டித் தைத்துக்கொள்ளலாம், எவனோ தன் அளவில் தைத்த சட்டைக்காக நம் உடம்பை நாமே வெட்டிக்கொள்ளக் கூடாது.