மெழுகுத்தொப்பிக்குக் காவல்

மேல்மலையில் கொண்டப்பன் யோசிக்கத் தொடங்கிவிட்டான் என்றால் அக்கம்பக்கத்தில் சட்டிபானைகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். மற்றபடி அவன் நல்லவன். அவன் மச்சான் சடையாண்டியும் பங்காளி மாயழகும் அவனைவிட நல்லவர்கள். மூன்று பேரும் ஊருக்கு மேலே உள்ள புல்வெளியில் மாடு மேய்த்துப் பிழைத்தார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் கல்லூரியிலிருந்து தேன்மொழி டீச்சர் அங்கே வந்து, புல்லுக்குள் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சின்னச் சின்னக் காளான்கள், எண்ணெய் தடவினதுபோல் பளபளத்தன.

"அண்ணே, இதுக்குப் பேரு மெழுகுத்தொப்பி. உழாத புல்வெளியில மட்டும்தான் முளைக்கும். நாளைக்குக் கேமராவோட வர்றேன். படம் எடுத்து ஆபீசருங்ககிட்ட காட்டினா, இந்த இடத்தை உழுது உருளைக்கிழங்கு போடற பேச்சை விட்டுடுவாங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்காம பாத்துக்குங்க."

மேய்ச்சல் போனால் மாடு போச்சு, மாடு போனால் சோறு போச்சு. டீச்சர் இறங்கிப் போனதும் கொண்டப்பன் யோசிக்கத் தொடங்கினான்.

"மாப்ளே, வெயில் ஏறுது. மெழுகு உருகிடுமே," என்றான் சடையாண்டி.

மூவரும் காளான்களுக்கு நிழலாக வரிசைகட்டி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் நிழல் மெல்ல விலகியது. மாயழகின் நிழல்தான் முதலில் நகர்ந்தது என்று சடையாண்டி சொல்ல, மாயழகு தன் நிழலை அதட்டிப் பார்த்தான். அது கேட்கவில்லை.

இந்த வழக்கு நடக்கும்போதே கொண்டப்பனின் செவலைப்பசு வந்து, சிவப்பில் தொடங்கிப் பச்சை வரைக்கும் மேய்ந்து முடித்தது. மூவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"விரட்டியிருக்கலாமோ?" என்றான் மாயழகு.

"எதுக்கு? கை வைக்கக் கூடாதுன்னுதானே டீச்சரம்மா சொன்னாங்க. அது வாயைத்தானே வெச்சுது," என்றான் கொண்டப்பன். சொல்லிவிட்டானே தவிர, வெறும் காம்புகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மனசு கேட்கவில்லை. "தொப்பின்னா அடியில தலை இருக்கணுமில்ல மச்சான்? இந்தக் குளிர்ல வெறுந்தலையா எப்படி இருப்பாங்க?"

எத்தனை பேரோ, எந்த ஊரோ. மண்ணுக்குள் இருக்கிறவர்கள் வெளியே வந்து கேட்கவும் முடியாது.

தங்கள் கம்பளிக் குல்லாய்களைக் கழற்றிக் காம்புகளின் மேல் கவிழ்த்தார்கள். போதவில்லை. வீட்டுக்கு ஓடிப் பிள்ளைகளின் குல்லாய், மாமனாரின் குல்லாய் எல்லாம் அள்ளி வந்தார்கள். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

"இது வெறும் தொப்பியாச்சே," என்றான் சடையாண்டி. "டீச்சரம்மா மெழுகுத்தொப்பி கேப்பாங்க."

அதுவும் நியாயம்தான். கரண்டு போனால் கொளுத்த வைத்திருந்த மெழுகுவத்தியை எல்லாம் சட்டியில் உருக்கி, குல்லாய்களின் மேல் ஊற்றினார்கள். விறைத்துப்போய்ப் பளபளவென்று நின்றன. கொண்டப்பனுக்கு அசலைவிட இதுவே பிடித்திருந்தது.

மறுநாள் டீச்சர் கேமராவோடு வந்தார். புல்வெளியைப் பார்த்தார். கேமராவைக் கீழே வைத்தார்.

"அசல் எங்கேண்ணே?"

"மாட்டுக்குள்ள இருக்குங்க," என்றான் கொண்டப்பன் பணிவாக.

டீச்சர் நொந்துபோய்ப் பக்கத்தில் இருந்த குல்லாயைத் தூக்கினார். கதகதப்பான ஈரத்தில், பழைய காம்புக்குப் பக்கத்திலேயே, புதிதாக ஒரு சிவப்புக் காளான் முளைத்திருந்தது. அடுத்ததைத் தூக்கினார். அங்கே ஒரு மஞ்சள். டீச்சர் மண்ணில் படுத்துக்கொண்டு படமாக எடுத்துத் தள்ளினார். புல்வெளி தப்பியது.

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு கேட்டார், "அதிருக்கட்டும், குல்லாய் எதுக்குண்ணே போட்டீங்க?"

"அடியில இருக்கறவங்க தலை குளிருமேன்னுங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். "அடியில தலையெல்லாம் கிடையாதுண்ணே."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் போனதும் கொண்டப்பன் சொன்னான்.

"பாவம்டா. அதான் தரையில வெச்சிருக்காங்க. தலை இல்லாதவன் தொப்பியை வேற எங்க வைப்பான்?"

மாயழகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மூவரும் ஒரு சந்தேகத்தில் தங்கள் தலையைத் தடவிப் பார்த்தார்கள். இருந்தது. ஆனாலும் மாயழகுக்குத் திருப்தியில்லை. தன்னுடையதைச் சடையாண்டியையும் ஒருதரம் தடவிப் பார்க்கச் சொன்னான்.