ஆடாமல் வந்த மாப்பிள்ளை

"அந்தக் கொண்டலூர் மாப்பிள்ளை நிச்சயத்துக்கே ஆடிக்கிட்டுத்தானவே வந்து இறங்குனான்!"

உரக்கடை வரிசையில் பால்வண்ணனுக்கு முன்னால் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"குடிப்பானோ?"

"குடிக்காம எவனாவது வாழைமரத்தைக் கட்டிப்பிடிச்சு, 'மாமா, சௌக்கியமா'ன்னு கேப்பானா? பொண்ணோட அப்பன் சொல்லிட்டாராம். கல்யாணத்தன்னிக்கும் ஆடிக்கிட்டு வந்தா, வாசலோட திருப்பி அனுப்பிருவாராம்."

பால்வண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று உச்சுக்கொட்டினான். வீட்டுக்கு வந்து செண்பகவடிவு அத்தையிடம் விஷயத்தைச் சொன்ன பிறகுதான், கொண்டலூரில் அந்த மாதம் நிச்சயமான மாப்பிள்ளை தான் ஒருவன்தான் என்பது அவனுக்கு உறைத்தது.

பால்வண்ணன் குடிக்கிறவன் இல்லை. மோரைக்கூட ஊதி ஊதிக் குடிக்கிறவன். அவன் ஆடியதற்குக் காரணம் வண்டி.

தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தது நாலு பேர். அத்தை, அத்தையின் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் மாமா, இசக்கி பெரியப்பா, குத்தாலிங்கம் சித்தப்பா. நிச்சயத்துக்குக் கிளம்பும்போது ஒரு சிக்கல் வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திருடன் வருவான். ஒருத்தர் காவலுக்கு இருந்தால் அந்த ஒருத்தர் நிச்சயத்துக்கு வர முடியாது. மூன்று நாள் யோசித்துவிட்டு மாமா சொன்னார்: "வீட்டையே கொண்டு போயிருவோம்."

அப்படித்தான் ஏலத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட வேன் வந்து சேர்ந்தது. அதற்குள் கட்டில் ஏறியது, அடுப்பு ஏறியது. பீரோ கூரைமேல் ஏறியது. அதற்குப் பக்கத்தில் ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு மேலே, எவனும் திருடிவிடக் கூடாது என்று அத்தையின் ஆட்டுரல். காலியாகக் கிடந்த வீட்டுக்கு ஒரு காவல்காரரையும் சம்பளத்துக்கு வைத்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

வண்டி போன போக்கை என்ன சொல்ல. காற்றுக்காலத்து முருங்கைமரம் தேவலை. ஒவ்வொரு வளைவிலும் இடது பக்கம் இருந்தவர்கள் வலது பக்கத்து வயலையும், வலது பக்கம் இருந்தவர்கள் வானத்தையும் பார்த்தார்கள். பெண் வீட்டில் போய் இறங்கியபோது பால்வண்ணனுக்குப் பூமி நிற்கவில்லை. வாழைமரத்திடம் குசலம் விசாரித்தான். பெண்ணின் தகப்பனார் தாணுமூர்த்தி வாழைமரத்துக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவர் அந்த ஊர் மதுவிலக்குக் கமிட்டியின் தலைவர்.

ஆனாலும் பெண் உலகம்மை அன்றைக்குக் கதவோரத்தில் நின்று அவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பை விட்டுக்கொடுக்கப் பால்வண்ணனுக்கு மனமில்லை.

"வண்டி ஆடாம இருக்கணும் மாமா. இல்லைன்னா எனக்குக் கல்யாணம் இல்ல" என்றான்.

வண்டியை டவுனில் இருந்த ஞானதுரை பட்டறைக்கு ஓட்டிப் போனார்கள். அவர் அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கூரையைப் பார்த்தார்.

"உச்சந்தலையில ஆட்டுரலை வச்சுட்டு ஆடுது ஆடுதுன்னா? கனமானதெல்லாம் கீழ வைங்க, லேசானது மேல. ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும். தண்ணித்தொட்டி ஒண்ணு நெறைய இருக்கணும், இல்ல காலியா இருக்கணும். அரைகுறையா இருந்தா உள்ள அலையடிச்சு வண்டியை இழுக்கும். டயரு குளுந்திருக்கும்போது காத்துப் பாருங்க. ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் பிடிக்க அடியில ஒரு கம்பி உண்டு, உங்களுக்கு அது ஒடிஞ்சு தொங்குது. திங்கக்கிழமை வாங்க, புதுசு போட்டுத் தாரேன்."

"கல்யாணம் ஞாயித்துக்கிழமை" என்றார் மாமா.

"அப்ப சொன்னதையாவது ஒழுங்கா செய்யுங்க."

நாலு விஷயத்தை ஒரே தலையில் வைத்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். கனம் கீழே என்பது அத்தைக்கு. இரண்டு பக்கமும் சமம் என்பது மாமாவுக்கு. தண்ணீர் பெரியப்பாவுக்கு. டயரின் குளிர்ச்சி, வண்டி ஓட்டுகிற சித்தப்பாவுக்கு. பால்வண்ணனுக்கு ஒரு வேலைதான் கொடுத்தார்கள். ஆடாமல் வர வேண்டும்.

சனிக்கிழமை அத்தை ஆட்டுரலை இறக்கினாள். தண்ணீர்த் தொட்டியையும் இறக்கி வண்டிக்குள் வைத்து, பீரோவைத் தரையில் படுக்க வைத்தாள். அதுவரை ஞானதுரை வந்து பார்த்திருந்தால்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார். அப்புறம் அத்தை மாவு மில் தராசில் ஏறி நின்றாள். தொண்ணூற்றொரு கிலோ.

"வீட்டுலயே நாந்தான் கனம். அப்ப நாந்தான் கீழ" என்று வண்டித் தரையில் பாயை விரித்துப் படுத்தாள்.

இசக்கி பெரியப்பா நாற்பத்துமூன்று கிலோ. அவரை மேலே சாமான் வைக்கும் பலகையில் ஏற்றினார்கள். தலையணை, அப்பளக்கட்டு, பெரியப்பா என்று வரிசையாக.

மாமா வண்டிக்குள் நட்டநடுவே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். அத்தை கோட்டின்மேல் படுக்க வேண்டும். பெரியப்பா கோட்டுக்கு நேர் மேலே. மாமா கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். வலது பக்கம் ஓட்டுகிற சித்தப்பா அறுபத்துநாலு கிலோ. இடது பக்கம் பால்வண்ணன், கடவுள் புண்ணியத்தில் அவனும் அறுபத்துநாலு.

"தராசுத் தட்டு மாதிரி இருக்கு மாப்ள, இனி என்ன கவலை?" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். பட்டுவேட்டியில் பால்வண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ஏழு கிலோமீட்டர் போனதும் சித்தப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கி, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"கொதிக்குது அண்ணாச்சி!"

துண்டை நனைத்து நாலு டயருக்கும் பத்துப் போட்டார். தண்ணீர் தொட்டியிலிருந்து பிடித்தது. மேலே அப்பளக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்து பெரியப்பாவின் அலறல் கேட்டது.

"யாருல தண்ணியை எடுத்தது? தொட்டி நெறைய இருக்கணும்ல!"

அடிபம்பைத் தேடிப் போய் இரண்டு குடம் அடித்து ஊற்றினார்கள். அதற்குள் வெயில் ஏறி டயர் மறுபடி சுட்டது. சித்தப்பா தண்ணீர் பிடித்தார். பெரியப்பா அலறினார். கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். டயரில் ஊற்றுகிற தண்ணீரைக் கீழே தாம்பாளம் வைத்துப் பிடித்து, திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிவிடுவது. அது மாப்பிள்ளைத் தாம்பாளம். அதில் இருந்த வெற்றிலை பாக்கும் தொட்டிக்குள் போயிற்று.

"மணி எட்டாச்சு மாமா" என்றான் பால்வண்ணன்.

அடுத்தது வடையில் வந்தது. சித்தப்பா பசிக்கிறது என்று ஓட்டிக்கொண்டே இரண்டு வடை தின்றார். மாமா கோட்டில் நின்றபடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம் ரெண்டு வடை கூடிருச்சு. மாப்ள, நீயும் ரெண்டு தின்னுரு."

"எனக்கு இப்பவே வயித்தைப் பெரட்டுது மாமா."

"ஒனக்குக் கல்யாணம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். தின்றான். அடுத்த வளைவில் வண்டி வலது பக்கம் சாய்ந்து, நினைத்துக்கொண்டு இடது பக்கம் சாய்ந்தது. பால்வண்ணன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு வடையையும் ரோட்டில் விட்டுவிட்டான்.

வண்டி நின்றது. மாமாவின் முகம் இருண்டுவிட்டது.

"இடது பக்கம் எடை போச்சு" என்றார்.

"எவ்வளவு இருக்கும்?" அத்தை படுத்தபடியே கேட்டாள்.

"வடை மட்டுமா? காலையில குடிச்ச காப்பியும்லா போயிருக்கு!" மேலிருந்து பெரியப்பா.

"அப்ப வலது பக்கமும் அதே அளவு போகணும். ஏல குத்தாலிங்கம், நீயும் வாந்தி எடு" என்றார் மாமா.

சித்தப்பா நல்ல மனிதர். விரலை விட்டுப் பார்த்தார். உப்புத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அவர் வயிறு ஐம்பது வருஷமாக எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

"வரமாட்டேங்குது அண்ணாச்சி. மன்னிச்சுக்கிடுங்க."

"எடுக்க முடியலைன்னா அந்தப் பக்கம் வைக்க வேண்டியதுதான். ஏய்யா பால்வண்ணா, இந்தா, இன்னும் ரெண்டு வடை" என்று அத்தை கையை மட்டும் உயர்த்தி நீட்டினாள்.

அதைத் தின்றான். அடுத்த வளைவில் அதுவும் போயிற்று. பெண்ணின் ஊரான பனையடிப்பட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் பன்னிரண்டு வடை அந்த வழியாகப் போயிருந்தன. பால்வண்ணனுக்கு நாலு மாமா தெரிந்தார்கள், நாலு பேரும் கோட்டில் நின்றார்கள். இப்படியே போய் இறங்கினால் இந்தத் தடவை வாழைமரத்துக்குத் தாலி கட்டிவிடுவோம் என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

"மாமா, நான் இறங்கி நடந்தே வாரேன். வெளிக்காத்து பட்டா சரியாயிரும்."

"நீ பாட்டுக்கு எறங்குனா? இடது பக்கம் அறுபத்துநாலு கிலோ கொறையுமே!"

எல்லோரும் யோசித்தார்கள். வலது பக்கத்தில் அறுபத்துநாலு கிலோவுக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். பால்வண்ணன் இந்தப் பக்கம் இறங்க, சித்தப்பா அந்தப் பக்கம் இறங்கினார். ஒரே நேரத்தில், ஒரே மாதிரி.

வண்டி நின்றது நின்றபடி நின்றது.

"இப்பத்தான்யா வீடு வீடு மாதிரி இருக்கு! ஒரு குலுக்கம் இல்ல" என்றாள் அத்தை.

"ஞானதுரை கைராசிக்காரன்" என்றார் பெரியப்பா.

அந்த நிம்மதியில் ஒரு பத்து நிமிஷம் போயிற்று. பெரியப்பா ஒரு தூக்கம்கூடத் தூங்கினார். பால்வண்ணன்தான் ஜன்னலைத் தட்டினான்.

"மாமா, வண்டி ஓடலையே. மணி பத்தாகுது."

மாமா எட்டிப் பார்த்தார். அது வாஸ்தவம்தான். பிறகு அவரே ஸ்டியரிங்குக்குப் போனார். அதற்கு ஈடாக அத்தை கோட்டைத் தாண்டி இடது பக்கம் புரண்டாள், மாமாவின் எடையைவிடக் கூடிவிடாதபடி முக்கால்வாசி மட்டும். மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து சித்தப்பா வலது மூலையையும் பால்வண்ணன் இடது மூலையையும் பிடித்துத் தள்ளினார்கள்.

மண்டப வாசலில் தாணுமூர்த்தி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. மேளக்காரர்கள் மாப்பிள்ளை காரைத் தேடிக்கொண்டிருந்தபோது, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிய மாப்பிள்ளை ஒரு வீட்டையே தள்ளிக்கொண்டு தெருவில் வந்தான். நேராக வந்தான். வண்டியைப் பிடித்திருந்ததால் ஆடவும் வழியில்லை.

தாணுமூர்த்தி கிட்டத்தில் போய் அவன் வாயை முகர்ந்து பார்த்தார்.

"உளுந்த வடை" என்று ஊருக்குச் சொன்னார். "வாங்க மாப்ள!"

பால்வண்ணனுக்கு உயிர் வந்தது. அது மணவறை வரைக்கும் இருந்தது. மணையில் உட்கார்ந்து, ஓமப்புகை கண்ணில் பட்டதும், விட்டுப்போன வளைவெல்லாம் திரும்பி வந்தது. வெறும் வயிறு வேறு. மெல்ல வலது பக்கம் சாய்ந்தான். பிறகு இடது பக்கம் சாய்ந்தான்.

"என்னத்துக்கு இப்படி ஆடுதீய?" உலகம்மை தலையைக் குனிந்தபடி கேட்டாள்.

"நான் ஆடல. மண்டபம் ஆடுது."

"அப்பா பாக்காவ. என் கையைக் கெட்டியா பிடிச்சுக்கிடுங்க."

பிடித்தான். இப்போது இருவரும் சேர்ந்து ஆடினார்கள்.

"நிறுத்துங்கவே மேளத்தை!"

தாணுமூர்த்தி எழுந்துவிட்டார். தாலித் தட்டை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். "என் கண்ணு முன்னால மாப்பிள்ளை ஆடுதாரு. இதுக்கு என்ன சொல்லுதீய?"

பால்வண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ஆவுடையப்பன் மாமா மேடைக்கு ஏறினார். முன்வரிசையைப் பார்த்தார், பின்வரிசையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாப்பிள்ளை ஆடல சம்மந்தி. மண்டபம் ஆடுது. நீங்களே பாருங்க. ஒங்க ஆளுக முந்நூறு பேரும் வலது பக்கம் உக்காந்திருக்காவ. எடது பக்கம் நாங்க நாலே நாலு பேரு. அதுல எங்க மச்சான் நாப்பத்துமூணு கிலோ. ஆடாம என்னய்யா செய்யும்?"

தாணுமூர்த்தி வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். அவர் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர்.

"இதை யாராவது முன்னாலயே சொல்ல வேண்டாமாவே?" என்று தன் பங்காளிகளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

நூற்றைம்பது பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் நகர்ந்தார்கள். கனத்த ஆட்களைச் சுவரோரமாக உட்கார வைக்கலாமா, நடுவில் உட்கார வைக்கலாமா என்று பெரியப்பாவும் புரோகிதரும் ஆலோசித்தார்கள். சமையல்காரர்களில் பாதிப் பேர் அடுப்பைவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் உலகம்மை தோழியிடம் சொல்லி ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி அவன் மூக்கில் வைத்திருந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

பால்வண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பிறகு மற்றதையும் திறந்தான்.

"ஆட்டம் நின்னுட்டு" என்றான்.

"நின்னுட்டு! நின்னுட்டு!" என்று மண்டபம் முழுவதும் குரல் எழுந்தது. கெட்டிமேளம் முழங்கியது. முடிச்சுப் போடப் பால்வண்ணன் தாலியைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து, வாசலில் நூறு கிலோவுக்குக் குறையாத ஒரு பாத்திரக்கடைக்காரர் குத்துவிளக்குப் பொட்டலத்தோடு அவசரமாக உள்ளே நுழையப் போனார்.

தாணுமூர்த்தி அட்சதையைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். வந்தவரின் கையைக் கெட்டியாகப் பிடித்து நிலைப்படிக்கு வெளியே நிறுத்தி, அதே பருமனில் இன்னொருவர் வருகிறாரா என்று தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.